டயர் நசுங்கத்தான் வேண்டும்: சைக்கிளுக்குச் சரியான காற்றழுத்தம் எது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பம்பைப் பொருத்தி, கை சோரும்வரை அடித்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரல் உள்ளே போகவில்லை என்றால் வேலை முடிந்தது. இன்னும் கவனமானவர்கள் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தேடிப் படித்து, பம்பின் முள் அந்த எண்ணைத் தொடும்வரை அடிப்பார்கள். இரண்டு வழியிலும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: கல்லைப் போல இறுகிய டயர். அப்படி இறுகியிருந்தால் சைக்கிள் வேகமாக ஓடும், பஞ்சர் ஆகாது, டயரும் நெடுநாள் உழைக்கும் என்ற நம்பிக்கை பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அதை நம்பித்தான் ஓட்டினேன்.

இந்த நம்பிக்கை வெறும் காற்றில் பிறந்ததல்ல. காற்று இறங்கிய டயரில் மிதிப்பது எவ்வளவு கடினம் என்பது சைக்கிள் ஓட்டிய எல்லாருக்கும் காலில் தெரிந்த உண்மை. ஆனால் ‘காற்றுக் குறைந்தால் கெடுதி’ என்ற அனுபவத்திலிருந்து ‘காற்றுக் கூடக் கூட நன்மை’ என்ற முடிவுக்கு மனம் ஒரே தாவலில் போய்விடுகிறது. அந்தத் தாவலில்தான் பிழை இருக்கிறது. உப்புக் குறைந்த குழம்பு ருசிக்காது என்பதால் உப்பை அள்ளிக் கொட்டினால் என்ன ஆகுமோ, டயரிலும் அதுதான் ஆகிறது.

டயரின் வேலை இறுகி நிற்பது அல்ல, அளவோடு நசுங்குவது. அது எந்த அளவு என்பதைக் கண்டுபிடிப்பதுதான் காற்றழுத்தம் பற்றிய முழுக் கேள்வியும். விடை ஆளுக்கு ஆள், டயருக்கு டயர், சாலைக்குச் சாலை மாறும். ஆனாலும் ஒரு மாலைப்பொழுதில் யாரும் தமக்குரிய எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம்.

மென்மைக்காகப் பிறந்த பொருள்

காற்றடைத்த டயர் எதற்காக வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 1887இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக முதல் காற்று டயரைச் செய்தார். அதுவரை சக்கரங்களைச் சுற்றிக் கெட்டி ரப்பர்தான் இருந்தது. கரடுமுரடான தரையில் பையன் குலுங்கிக் குலுங்கிப் போனான். அந்தக் குலுக்கலைக் குறைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 1888இல் அவர் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே, 1845இல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் வண்டிச் சக்கரங்களுக்கு இதே யோசனையைப் பதிவு செய்திருந்தார் என்பது பிறகு தெரிய வந்தது. அதனால் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது.

வேகம் எதிர்பாராமல் கிடைத்த பரிசு. 1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயருடன் இறங்கி வென்று காட்டினார். கெட்டி ரப்பர் டயர் கொஞ்சமும் நசுங்காது. ‘எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம்’ என்பது உண்மையானால் கெட்டி ரப்பர்தான் அன்று வென்றிருக்க வேண்டும். வென்றது மெத்தென்ற டயர். இதை மறந்துவிட்டு, பின்னால் வந்த நாம் காற்று டயருக்குள் அழுத்தத்தை ஏற்றி ஏற்றி அதை மறுபடியும் கெட்டி டயராக்கப் பார்த்தோம்.

சக்கரத்தின் அடியில் நடப்பது

முதலில் அளவைப் பற்றி ஒரு சொல். டயர் அழுத்தத்தைப் பொதுவாக பிஎஸ்ஐ என்ற அலகில் சொல்கிறோம். ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு விசை என்று பொருள். சில டயர்களில் பார் என்ற அலகும் இருக்கும். 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ.

டயர் தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் பின்சக்கரம் தாங்குவது சுமார் 48 கிலோ. டயரில் 60 பிஎஸ்ஐ இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.2 கிலோ. 48ஐ 4.2ஆல் வகுத்தால் 11 சதுர சென்டிமீட்டர் சொச்சம் வருகிறது. ஒரு தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறிய இடம். அழுத்தத்தை 100 பிஎஸ்ஐ ஆக்கினால் அந்த இடம் 7 சதுர சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். டயரின் தோல் விறைப்பால் இந்தக் கணக்குச் சற்று முன்பின் ஆகலாம், அடிப்படை மாறாது. பிரேக் பிடித்து நிற்பதும் வளைவில் சறுக்காமல் திரும்புவதும் இந்தச் சின்ன இடத்தை நம்பித்தான்.

சக்கரம் உருளும்போது இந்த இடத்துக்கு வரும் ரப்பரும் துணி இழைகளும் வளைந்து, நசுங்கி, மறுபக்கம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகின்றன. வளைக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. டயர் உருளும்போது ஏற்படும் தடையில் பெரும் பங்கு இதுதான். அழுத்தம் கூடினால் வளைவு குறையும், இழப்பும் குறையும். இதுவரை பழைய நம்பிக்கை சொல்வது சரியே. டயர்களைப் பரிசோதனைக் கூடத்தில் வழவழப்பான இரும்பு உருளையின் மேல் ஓடவிட்டு அளந்தபோதெல்லாம் இந்த முடிவுதான் கிடைத்தது: அழுத்தத்தை ஏற்ற ஏற்றத் தடை குறைகிறது.

ஆனால் அந்தச் சோதனையில் இரண்டு விஷயங்கள் இல்லை. ஒன்று, மேடுபள்ளமுள்ள சாலை. இன்னொன்று, சைக்கிளின் மேல் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

சாலையில் ஒரு சிறு கல் வந்தால் அளவான அழுத்தமுள்ள டயர் அதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். கல் இருக்கும் இடத்தில் மட்டும் டயர் குழிந்து, அடுத்த கணம் நிமிர்ந்துவிடும். சைக்கிள் தன் மட்டத்திலேயே போகும். இறுகிய டயரால் அது முடியாது. கல்லின் மேல் ஏறி இறங்குவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அந்த எடையைத் தூக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும்? நாம் மிதித்து உண்டாக்கிய வேகத்திலிருந்துதான். தூக்கிப் போட்டதும் கை, தோள், முதுகு, தொடை என்று உடம்பின் சதையெல்லாம் அதிர்கிறது. அதிர்கிற சதை அந்த ஆற்றலை விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. ஒரு கல்லுக்கு இது அற்பம். நாம் தார்ச்சாலை என்று சொல்லும் பரப்போ அடுத்தடுத்துப் பதிந்த பல்லாயிரம் கற்களின் தொடர்ச்சி.

ஆக இரண்டு இழப்புகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. அழுத்தம் கூடினால் டயருக்குள் நடக்கும் இழப்புக் குறைகிறது. அதிர்வால் வரும் இழப்புக் கூடுகிறது. ஓர் எல்லைவரை முதலாவதின் லாபம் பெரிது. அந்த எல்லையைத் தாண்டினால் இரண்டாவது இழப்பு முந்திக்கொள்ளும். சாலை எவ்வளவு கரடோ அந்த எல்லை அவ்வளவு தாழ்ந்த அழுத்தத்திலேயே வந்துவிடும். இன்னொன்றும் உண்டு, எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். எல்லைக்குக் கீழே சற்று இருந்தால் இழப்பு மெதுவாகத்தான் ஏறுகிறது; எல்லைக்கு மேலே போனாலோ விறுவிறுவென்று ஏறுகிறது. எது சரி என்று தெரியாத நேரத்தில் கொஞ்சம் குறைவாக அடிப்பதே பாதுகாப்பான தவறு.

அப்படியானால் இறுகிய டயரில் வேகமாகப் போவது போல ஏன் தோன்றுகிறது? வேகம் கூடினால் சைக்கிளில் அதிர்வும் அடுக்கடுக்காக வரும் என்பதை உடம்பு பழகி வைத்திருக்கிறது. இறுகிய டயரில் அதே படபடப்பு, வேகம் கூடாமலேயே வருகிறது. உடம்பு அதை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. நான் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டிய முதல் நாளில் சைக்கிள் மந்தமாகப் போவதாகவே பட்டது. கடிகாரத்தைப் பார்த்தால் வழக்கமான பாதையை வழக்கமான நேரத்தில்தான் கடந்திருந்தேன். கை மட்டும் மரத்துப்போகவில்லை.

பந்தய உலகம் இதை ஏற்கச் சில பத்தாண்டுகள் பிடித்தன. 1990களில் சாலைப் பந்தய வீரர்கள் 23 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான அகலமுள்ள டயர்களில் 100 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி ஓட்டினார்கள். இன்று அதே பந்தயங்களில் 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் சாதாரணம். அழுத்தமும் வெகுவாக இறங்கிவிட்டது. 50 கிலோமீட்டருக்கும் மேல் கற்கள் பாவிய பாதையில் ஓட வேண்டிய பாரிஸ்–ரூபே பந்தயத்தில் இன்னும் அகலமான டயர்கள், இன்னும் குறைந்த அழுத்தம். நொடிக் கணக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் இடத்தில் சொகுசுக்காக யாரும் காற்றைக் குறைக்க மாட்டார்கள்.

அகலம் என்னும் மறைவான கணக்கு

ஒரே எண் எல்லா டயருக்கும் ஒரே இறுக்கத்தைத் தராது. பலர் இடறி விழும் இடம் இது.

டயரின் தோலில் ஏற்படும் இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் டயர்க் குழலின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. 25 மில்லிமீட்டர் டயரில் 80 பிஎஸ்ஐ ஏற்றினால் தோலில் என்ன இழுவிசை இருக்குமோ, 50 மில்லிமீட்டர் டயரில் 40 பிஎஸ்ஐ ஏற்றினாலே அது வந்துவிடும். விரலால் அழுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி விறைப்பாகத் தெரியும். தடித்த டயரில் 60 பிஎஸ்ஐ அடித்துவிட்டு ‘குறைவாகத்தானே அடித்திருக்கிறேன்’ என்று சொல்பவரின் டயர் உண்மையில் ஒல்லி டயரில் 100க்கு மேல் அடித்ததற்குச் சமமாக இறுகி நிற்கும். அகல டயர்களின் பக்கவாட்டில் அச்சிடும் உச்ச அளவு குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

கட்டைவிரல் சோதனையை நான் நம்பாததற்கும் இது ஒரு காரணம். பக்கச் சுவர் தடித்த டயர் பாதிக் காற்றிலேயே விறைப்பாக இருக்கும். மெல்லிய தோல் டயர் போதுமான காற்றிலும் இளகித் தெரியும். ஒரே டயரில்கூட 60க்கும் 90க்கும் உள்ள வித்தியாசத்தை விரல் கண்டுபிடிக்காது. காற்று அறவே இறங்கிவிட்டதா என்று அறிய மட்டும் விரல் போதும்.

உங்கள் டயரின் அகலம் பக்கவாட்டில் எழுதியிருக்கும். 37-622, 28-622, 40-635 என்பது போன்ற இரட்டை எண்ணைத் தேடுங்கள். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது எண் டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். அங்குலத்தில் எழுதிய பழைய அளவுகள் குழப்பமானவை. பெயரில் ஒன்றுபோல் இருந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் உண்டு. இரட்டை எண் ஏமாற்றாது. அகலமான ரிம்மில் மாட்டினால் அதே டயர் ஓரிரு மில்லிமீட்டர் விரிந்து நிற்கும் என்பதால், ஸ்கேல் வைத்து அளந்துவிடுவது இன்னும் நல்லது.

அருகிலேயே உச்ச அழுத்தமும் அச்சாகியிருக்கும். சில டயர்களில் குறைந்தபட்ச அளவும் இருக்கும். உச்ச எண் என்பது ‘இதைத் தாண்டாதே’ என்ற எச்சரிக்கை. ‘இவ்வளவு அடி’ என்ற பரிந்துரை அல்ல. 50 கிலோ எடையுள்ளவரும் 100 கிலோ எடையுள்ளவரும் ஒரே டயரைத்தான் வாங்குகிறார்கள். அந்த டயருக்கு உங்கள் எடை தெரியாது.

ரிம்முக்கும் எல்லை உண்டு. டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள உட்கொக்கி இல்லாத புதுவகை ரிம்களில் 5 பாருக்கு மேல், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல், ஏற்றவே கூடாது. டயரில் அதைவிடப் பெரிய எண் அச்சாகியிருந்தாலும் ரிம்மின் எல்லையே செல்லும். ரிம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் உள்ள பழைய சைக்கிள்களிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பிரேக் கட்டை ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ரிம்மின் சுவர் மெலிந்துபோயிருக்கும். காற்று அந்தச் சுவரை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் சுவர் பிளக்கும். ரிம்மின் பக்கம் உட்குழிந்து தெரிந்தால் அழுத்தத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் ரிம்மை மாற்றுங்கள்.

தொடங்குவதற்கு ஓர் எண்

எவ்வளவு நசுங்கினால் சரி? அமெரிக்கப் பொறியாளரும் எழுத்தாளருமான ஃபிராங்க் பெர்ட்டோ பலவகை டயர்களை எடை ஏற்றி அளந்து பார்த்தார். டயரின் உயரத்தில் 15 சதவீதம் நசுங்குவது நல்ல அளவு என்ற விதி அவருடைய வேலையிலிருந்து வந்தது. பின்னர் சைக்கிள் இதழாசிரியர் யான் ஹைன் போன்றவர்கள் இதைப் பரவலாக்கினார்கள். இது இயற்கை விதி அல்ல. பல டயர்களுக்கு நடைமுறையில் ஒத்துவந்த நடுவான அளவு. தொடங்குவதற்கு இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சக்கரத்தின் மேல் 45 கிலோ விழுகிறது என்றால் இந்த விதிப்படி 25 மில்லிமீட்டர் டயருக்கு ஏறத்தாழ 88 பிஎஸ்ஐ, 28க்கு 72, 32க்கு 57, 37க்கு 44, தடித்த 50 மில்லிமீட்டர் டயருக்கு 25 என்று வருகிறது. அகலம் இரட்டிப்பாகும்போது அழுத்தம் பாதிக்கும் கீழே போவதைப் பாருங்கள். சக்கரத்தின் மேல் விழும் எடை பத்தில் ஒரு பங்கு கூடினால் அழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கூட்டினால் போதும்.

சக்கரத்தின் மேல் உண்மையில் எவ்வளவு எடை விழுகிறது என்பதை வீட்டில் எடை பார்க்கும் கருவியிலேயே அளக்கலாம். பின்சக்கரத்தை அதன் மேல் நிறுத்தி, முன்சக்கரத்தின் கீழ் அதே உயரத்துக்கு ஒரு பலகையோ புத்தகங்களோ வையுங்கள். சுவரில் ஒரு முழங்கையை மட்டும் லேசாக ஊன்றி, ஓட்டுவது போலவே ஏறி உட்காருங்கள். எண்ணைப் படிக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு முன்சக்கரத்துக்கும் அப்படியே. நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில் 60 சதவீதமோ அதற்கு மேலோ பின்னால் விழும். குனிந்து ஓட்டும் சைக்கிளில் 55க்கு அருகில் இருக்கும். முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் வைப்பது ஏன் சரியல்ல என்பது இந்த எண்களைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

ஒரு கணக்கு. ஆள் 70 கிலோ; சைக்கிளும் பையும் 18 கிலோ; டயர் 37 மில்லிமீட்டர். பின்னால் 53 கிலோ, முன்னால் 35 கிலோ. விதிப்படி பின்னால் சுமார் 53 பிஎஸ்ஐ, முன்னால் 33. ஆனால் முன்பக்க எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அழுத்திப் பிரேக் பிடித்தால் எடையில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது. அந்த நேரத்தில் முன் டயர் சப்பையாகி ரிம் தரையை இடிக்கக் கூடாது. ஆகவே 36, 37 என்று சற்று உயர்த்தித் தொடங்குவேன். இதே சைக்கிளின் கேரியரில் 15 கிலோ மூட்டை ஏற்றினால் அதன் எடை ஏறக்குறைய முழுவதும் பின்சக்கரத்தில்தான் விழும். அப்போது பின் டயருக்கு மட்டும் சுமார் 17 பிஎஸ்ஐ கூட்ட வேண்டும்; டயரில் அச்சிட்ட உச்ச அளவை அது தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன் டயரைத் தொட வேண்டியதில்லை.

எண்ணே வேண்டாம் என்பவர்கள் நேரடியாக நசுங்கலை அளக்கலாம். சைக்கிளில் யாரும் உட்காராதபோது ரிம்மின் ஓரத்திலிருந்து தரைவரை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொருவர் அதே இடத்தில் அளக்கட்டும். 37 மில்லிமீட்டர் டயரில் வித்தியாசம் ஐந்தரை மில்லிமீட்டர் இருந்தால் 15 சதவீதம். 25 மில்லிமீட்டர் டயரில் நாலு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மீட்டரே இல்லாத பம்பு வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழி உதவும்.

பிறகு சாலைதான் ஆசிரியர்

இந்த எண் நீங்கள் தேடும் விடையின் பக்கத்துத் தெருவரைதான் கொண்டுபோய் விடும். கதவைத் தட்டுவது உங்கள் வேலை. தினமும் போகும் பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நல்ல சாலையும் மோசமான சாலையும் கலந்திருந்தால் நல்லது. கணக்கில் வந்த அழுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் இரண்டு டயரிலும் 3 பிஎஸ்ஐ குறையுங்கள். அதற்கு மறுநாள் இன்னும் 3. ஒவ்வொரு நாளும் அளவைக் குறித்து வையுங்கள். ஏதோ ஒரு நாளில் சைக்கிள் வாய் திறந்து பேசும்.

முன் டயர் பேசுவது ஹேண்டில்பாரில் கேட்கும். திருப்பும்போது கனக்கும், வளைவில் சொன்ன பாதையைவிட்டு நழுவுவது போல, சேற்றில் திரும்புவது போல இருக்கும். பின் டயரில் இடுப்புக்குக் கீழே ஓர் அசைவு தெரியும். எழுந்து நின்று மிதித்தால் சைக்கிள் துள்ளித் துள்ளிப் போகும். பள்ளத்தில் இறங்கும்போது ‘டங்’ என்று உலோகச் சத்தம் கேட்டால் ரிம் தரையைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. இவற்றில் எது தெரிந்தாலும் 4, 5 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அங்கே உங்கள் எண் இருக்கிறது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் சைகைகள் வரும். உள்ளங்கை மரத்துப்போதல், சரளைக்கல் பாதையில் பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் தத்துதல், ஏற்றத்தில் மிதிக்கும்போது பின்சக்கரம் வழுக்குதல், பெல்லும் மட்கார்டும் ஓயாமல் கடகடத்தல். எல்லாமே டயர் சாலையைப் பிடித்துக்கொள்ளாமல் அதன் மேல் குதித்துப் போவதன் அடையாளங்கள். மழைக்காலத்தில் நான் முன்னும் பின்னும் ஐந்து பிஎஸ்ஐ குறைத்துக்கொள்கிறேன். ஈரச் சாலையில் பிடிமானம்தான் முதலில் வேண்டியது.

பஞ்சர் பற்றியும் சொல்ல வேண்டும். குறைந்த அழுத்தத்தில் பஞ்சர் அதிகம் என்பது ஒருவகைப் பஞ்சருக்குத்தான் பொருந்தும். பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது தரைக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இணையாக இரண்டு ஓட்டைகள் விழும். டியூபைக் கழற்றிப் பார்த்து இரட்டை ஓட்டை இருந்தால் காற்றுக் குறைவாக இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். முள், ஆணி, கண்ணாடித் துண்டு ஆகியவற்றால் ஆகும் பஞ்சர் வேறு. இறுகிய டயரிலும் அவை தாராளமாக இறங்கும். டியூப் இல்லாத டயர்களில் கடிபடுவதற்கு டியூபே கிடையாது என்பதால் இன்னும் சில பிஎஸ்ஐ குறைத்து ஓட்ட முடியும்.

அதிகம் பேரின் கண்ணில் படாத ஒரு சேதமும் உண்டு. காற்று மிகக் குறைந்த டயர், பிரேக் பிடிக்கும்போதும் அழுத்தி மிதிக்கும்போதும் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. டியூபும் அதோடு போகும். ஆனால் வால்வு ரிம்மின் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். நாளடைவில் வால்வு சாய்ந்து, அதன் அடியில் டியூப் கிழியும். அந்த இடத்தில் ஒட்டுப் போட்டாலும் நிற்காது. காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் வால்வு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி, டயரைத் தளர்த்தி, நேராக்கிவிட்டு அடியுங்கள்.

காற்று எங்கே போகிறது, மீட்டர் ஏன் பொய் சொல்கிறது

கண்டுபிடித்த எண்ணைக் காப்பாற்றுவது தனி வேலை. பஞ்சரே இல்லாவிட்டாலும் டியூபின் ரப்பர் வழியாகக் காற்று கசிந்துகொண்டேதான் இருக்கும். பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த சாதாரண டியூபில் கசிவு மெதுவானது. வாரத்துக்குச் சில பிஎஸ்ஐ. பந்தயச் சைக்கிள்களில் போடும் லேடெக்ஸ் டியூபில் ஒரே நாளில் கணிசமாக இறங்கிவிடும். ஒல்லி டயரில் உள்ளே இருக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நடுத்தர டயருக்கு வாரம் ஒருமுறை போதும். வழியில் அவசரத்துக்குச் சின்னக் குப்பியிலிருந்து கரியமில வாயுவை நிரப்பியிருந்தால் அது பியூட்டைல் ரப்பரில் காற்றைவிட வெகு வேகமாக ஊடுருவிப் போய்விடும். வீடு வந்ததும் அதை வெளியேற்றிவிட்டு வெறும் காற்றையே அடித்துவிடுங்கள்.

வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கும் என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. 20 டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடித்த டயர் 60 டிகிரிவரை சூடானால் அழுத்தம் 70க்கு அருகில் போகும். அளவான அழுத்தத்தில் இருக்கும் நல்ல டயரை இது ஒன்றும் செய்யாது. உச்ச எண்வரை ஏற்றிய டயரிலும், பக்கவாட்டில் வெடிப்பு விட்ட பழைய டயரிலும் அந்தப் பத்து பிஎஸ்ஐ ஆபத்துதான். குளிர் வந்தால் இதற்கு நேர்மாறு. 80 பிஎஸ்ஐ டயரில் பத்து டிகிரி குறைந்தால் மூன்று பிஎஸ்ஐ தானாகவே இறங்கியிருக்கும்.

மீட்டர்களைப் பற்றி. விலை எதுவானாலும் பம்பில் பொருத்திய மீட்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு பம்பின் 50 இன்னொரு பம்பில் 55ஆக இருக்கும். இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. எப்போதும் ஒரே மீட்டரைப் பயன்படுத்தினால் போதும். நமக்கு வேண்டியது நேற்று நன்றாக இருந்த அதே அழுத்தம் இன்றும் கிடைப்பதுதான். ஆனால் 160வரை காட்டும் மீட்டரில் 25 பிஎஸ்ஐயை நம்பிப் படிக்க முடியாது. தடித்த டயர் வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த மீட்டர் வேண்டும்.

வால்வும் கணக்கை மாற்றும். கார் டயரில் இருப்பது போன்ற ஷ்ரேடர் வால்விலும், நுனியில் சிறு திருகுள்ள ஒல்லியான பிரெஸ்டா வால்விலும் மீட்டர் சரியாகப் படிக்கும். பிரெஸ்டாவில் பம்பை மாட்டியதும் முள் பூஜ்யத்தில் நின்றால் பதற வேண்டாம். ஓரிரு அடி அடித்ததும் வால்வு திறந்து முள் எழும். மூன்றாவது, நம்மில் பலர் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த வுட்ஸ் வால்வு. உள்ளே மெல்லிய வால்டியூப் மாட்டியது. அந்த ரப்பரை விரித்துக்கொண்டுதான் காற்று உள்ளே போக வேண்டும். அதற்குத் தனியே அழுத்தம் செலவாகிறது. அதனால் அடிக்கும்போது மீட்டர் காட்டுவது டயருக்குள் இருப்பதைவிட அதிகம். உள்ளே போன காற்று திரும்பி வராதபடி ரப்பர் ஒட்டிக்கொள்வதால், வெளியிலிருந்து மீட்டரை வைத்து அளக்கவும் முடியாது. இந்த வால்வு உள்ளவர்கள் நசுங்கலை அளந்து சரியான அளவைப் பிடித்துவிட்டு, முழுக்க இறங்கிய டயரை அந்த அளவுக்குக் கொண்டுவர எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளலாம். ஒரே பம்பு, ஒரே டயர் என்றால் அந்த எண்ணிக்கை மீட்டரைப் போலவே நம்பகமானது.

பம்பை வால்விலிருந்து கழற்றும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அடித்த காற்றெல்லாம் போகிறதே என்று பலர் அதற்காகவே நாலைந்து அடி கூடுதலாக அடித்துவைக்கிறார்கள். அந்தச் சத்தம் பம்பின் குழாயில் தங்கியிருந்த காற்று வெளியேறுவது. வால்வு அதற்கு முன்பே மூடிவிட்டது. டயரில் இருந்தது டயரிலேயே இருக்கிறது. அந்த நாலைந்து அடி வேண்டியதில்லை.